அடுப்படிச் சிக்கனமும் அறமும்

விலைவாசி உயரும்போதெல்லாம் நமது நாட்டில் இரண்டு குரல்கள் ஒருங்கே எழுவது வழக்கம். ஒன்று, பொருள்களின் விலை ஏன் ஏறிற்று என்று கேட்பது. மற்றது, ஏறிய விலைக்குள் எவ்வாறு சமைத்து உண்பது என்று கற்பிப்பது. முன்னையது விரைவில் அடங்கிவிடுகிறது, அல்லது அடக்கப்பட்டுவிடுகிறது. பின்னையதோ பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் அமைச்சர்களின் மேடைகளிலும் நெடுங்காலம் நின்று ஒலிக்கிறது. வீட்டிலே குறைந்த செலவிற் சமைத்துண்பது நல்ல காரியமே. அதை மறுப்பார் யாருமில்லை. ஆயினும் அது ஓர் அறமா, வெறும் திறமையா, அன்றி ஒரு தண்டனையா என்பது ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது, முந்திய செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருள்களுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்கவேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணி வற்றியதும், 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலைக் குலைத்ததும் எந்தக் குடும்பப் பெண்ணின் ஊதாரித்தனத்தாலும் நேர்ந்தவையல்ல. எனினும் பரிகாரம் அவளிடமே தேடப்பட்டது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்றனர். 2022 யூனில் அரச ஊழியர்களுக்கு அதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்க முடிவாயிற்று. அரைப்பரப்புக் காணியாவது உள்ளவன் கத்தரியும் வெண்டியும் நட்டான். கொழும்புத் தொடர்மாடியிலும் மலையகத்து லயன் காம்பராவிலும் வாழ்வோர் எதில் நடுவது?

பின்னர் பணவீக்கம் இறங்கியது என்றார்கள். 2023 யூலையில் அது 6.3 சதவீதம். இச்சொல்லாட்சியில் ஒரு மயக்கம் உண்டு. இறங்கியது விலையன்று, விலை ஏறும் வேகமே இறங்கியது. 195 ரூபாவுக்கு ஏறிய பொருள் பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே நின்றது. கூலி அதனோடு ஒத்து ஏறாத வீட்டிற்கு நெருக்கடி முடிந்துவிடவில்லை. 2024இன் இறுதியிலே தேங்காய் ஒன்று 150 ரூபாவையும் கடந்தபோது, சொதி என்பது மஞ்சள் நீராக மெலிந்த வீடுகள் பல.

சிக்கனம் அறமாவது எப்போது? கையில் உள்ளதைக் கொண்டு அதிகமாக உண்ணக்கூடியவன், தன் விருப்பால் அளவோடு உண்ணும்போதுதான். அங்கே தெரிவு உண்டு. தெரிவு உள்ள இடத்திலேயே அறத்துக்கு இடமுண்டு. வேறு வழியே இல்லாதவன் மரவள்ளிக்கிழங்கை அவித்து உண்பதைச் சிக்கனம் என்று புகழ்வது, சிறையிலிருப்பவனை அடக்கமுடையவன் என்று புகழ்வதற்கு ஒப்பாகும்.

இதை உணவுத் துறையினரே ஒருவகையில் ஒப்புக்கொண்டுள்ளனர். உலக உணவுத் திட்டம் முதலிய நிறுவனங்கள் ஒரு வீட்டின் பசியை அளப்பதற்கு ஐந்து கேள்விகளைக் கேட்கின்றன. கடந்த ஏழு நாட்களில் விருப்பமற்ற, மலிவான உணவை எத்தனை நாள் உண்டீர்கள்? எத்தனை நாள் உணவைக் கடன்பட்டீர்கள்? எத்தனை நாள் பரிமாறும் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் வேளைகளைக் குறைத்தீர்கள்? பிள்ளைகள் உண்பதற்காகப் பெரியவர்கள் எத்தனை நாள் தமது பங்கைக் குறைத்தார்கள்? இறுதிக் கேள்விக்கே மிகக் கூடிய புள்ளி. இவற்றுள் முதலாவதைக் கவனியுங்கள். மகளிர் பக்கம் சாமர்த்தியம் என்று பாராட்டும் அதே காரியம், பசியை அளப்போரின் தாளில் நோயின் முதற் குறியாகப் பதிவாகிறது. ஒரே சட்டியிலுள்ள ஒரே கூழுக்கு இரு பெயர்கள்! எந்தப் பெயர் உண்மையானது என்பதைத் தீர்மானிப்பது கூழன்று. அதைக் குடிப்பவருக்கு வேறொன்றைக் குடிக்க வழியிருந்ததா என்பதே.

இவ்வாறு கூறுவதால் நமது மக்களின் அடுப்படி அறிவை நாம் இழித்துரைப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். வேலியோரத்து முருங்கையிலையை வறையாக்கவும், காசுக்கு மலிந்த சூடை மீனைப் புளிவிட்டுத் தீயலாக்கவும், எஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி வைத்துக் காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பழஞ்சோறாக்கவும் அறிந்தவர்கள் நமது பெண்கள். பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்கி, இடித்து மாவாக்கி, அதன் கைப்பு நீங்க நீரிலே ஊறவைத்துப் பிழிந்து, கூழும் பிட்டும் ஆக்கிய அறிவு எந்த விஞ்ஞான கூடத்திலும் பிறந்ததன்று. (அந்த ஒடியற்கூழ் இன்று நண்டும் இறாலும் மிதக்க, உல்லாசப் பயணிகளுக்கு விலையுயர்ந்த விருந்தாக வைக்கப்படுவது வேறு கதை.) 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, நமது மக்கள் ஜாம் போத்தலிலே பஞ்சும் திரியும் இட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள், சவர்க்காரம் இன்றிப் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். அதை இன்றும் பெருமையோடு நினைவுகூருகிறோம். நினைவுகூர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையின் நிழலிலே, தடை விதித்தவர்கள் வந்து இளைப்பாறிவிடுவதற்கு இடமளிக்கலாகாது.

மலிவான உணவு உண்மையிலே மலிவானதா என்ற கேள்வியும் உண்டு. சந்தையிலே கொடுக்கும் காசை மட்டும் எண்ணினால் அது மலிவுதான். முருங்கையிலையை உருவி ஆய்வதற்கு எடுக்கும் பொழுது, ஒடியலை இடிக்கும் கையின் நோவு, எரிவாயு வாங்க வழியின்றி விறகுக்குத் திரும்பிய வீட்டிலே கண்ணிலும் நெஞ்சிலும் ஏறும் புகை ஆகியவற்றை எந்தக் கணக்குப் புத்தகம் பதிந்து வைக்கிறது? விலையேற்றத்தில் ஒரு பகுதியைக் காசாகச் செலுத்த முடியாத குடும்பம், அதை ஒரு பெண்ணின் நித்திரையிலிருந்து செலுத்துகிறது. அதுவும் போதாவிடில் அவளுடைய கோப்பையிலிருந்து செலுத்துகிறது. எல்லாருக்கும் பரிமாறியபின் சட்டியின் அடியில் எஞ்சியதை உண்பது நமது வீடுகளில் தாய்மையின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டுவிட்டது. அதைப் பாடிப் புகழும் ஆண்மக்கள், முதலில் அவளுக்குப் பரிமாறிவிட்டு எஞ்சியதைத் தாம் உண்ண ஒருநாளாவது துணிவதில்லை. பசியைப் பங்கிடுவதிலும் நீதி, அநீதி உண்டு என்பதை வெளியுலகத்திலே உரக்கப் பேசும் நமது முற்போக்காளர் சிலர், சொந்தக் குசினிக்குள் நுழையும்போது அதை மறந்துவிடுகின்றனர்.

தேயிலைத் தோட்டத்தை நோக்கினால் இக்கணக்கு இன்னும் தெளிவாகும். கொழுந்தெடுக்கும் பெண் விடியுமுன் எழுந்து கோதுமை மா ரொட்டி சுடுகிறாள். அது விரைவில் ஆகும், மலைக்குக் கொண்டுபோகலாம், வயிற்றில் நெடுநேரம் நிற்கும். ஊட்டம் குறைந்தது என்று அவளுக்கு எடுத்துரைக்கும் சுகாதார அறிவுரைகள் ஏராளம். ஊட்டமுள்ளதைச் சமைக்க அவளுக்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை என்பதை அவை பேசுவதில்லை. 1000 ரூபா நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021இல் அது வர்த்தமானியில் வெளிவந்தது. மறுவருடமே அந்தக் கோதுமை மாவின் விலை இரு மடங்குக்கு மேலாக உயர்ந்து, பெற்ற உயர்வை விழுங்கிவிட்டது. இவளுக்கு நாம் எந்தச் சிக்கனத்தைக் கற்பிப்பது?

1953இல் நமது மக்கள் இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டனர். ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. திறைசேரிக்கு அதுவும் சிக்கனமே! மக்களோ 25 சதத்து அரிசியை 70 சதத்துக்கு வாங்கி எவ்வாறு சமாளிப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியின் விலை அடுக்களைக் காரியமன்று, அரசியற் காரியம் என்பதை இந்நாட்டு ஆட்சியாளர் அன்று போல வேறென்றும் உணர்ந்ததில்லை.

ஹர்த்தால் நாளை நடக்கட்டும், இன்றிரவு பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று வினவலாம். நேர்மையான வினா. குரக்கன் மாவைக் கூழாக்குவது எப்படி என்று அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சொல்லுகிறாள். தன் வீட்டிலும் அதுவே அடுப்பிலிருக்கிறது. அவள் சொல்வது உதவி. அதே சொற்களை, அக்கூழை ஒருநாளும் குடித்திராத ஒருவர் மேடையிலிருந்து சொல்லும்போது, அவை பொறுப்பிலிருந்து நழுவுவதற்கான வழியாகிவிடுகின்றன. செய்முறையில் வித்தியாசமில்லை, சொல்பவர் நிற்கும் இடத்திலேதான் வித்தியாசம்.

2022இல் ஊர்கள் சிலவற்றில் சமூகச் சமையலறைகள் தோன்றின. கோவில் மண்டபத்திலும் தேவாலய வளவிலும் பெரிய கிடாரத்தை ஏற்றி, பலர் கொண்டுவந்த அரிசியையும் மரக்கறியையும் ஒன்றாகச் சமைத்தார்கள். இருபது அடுப்புக்கான விறகு ஓரடுப்பில் அடங்கியது. இளைஞர்கள் விறகு கொத்தினார்கள். சில இடங்களில் ஆண்கள் தேங்காயும் துருவினார்கள். சமைத்த பெண்களும் மற்றவரோடு வரிசையிலிருந்து உண்டார்கள். யாருடைய கோப்பை வெறுமையாயிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நெருக்கடி சற்றுத் தணிந்ததும் அவற்றுட் பல மூடப்பட்டன. அவ்வடுப்புகளைச் சுற்றிக் கூடியிருந்தவர்கள், அரிசி விலையைப் பற்றியும் கூடிப் பேசத் தொடங்குவதற்கு முன்னரே அவை அணைந்துவிட்டன.