ஒழுகும் கூரையும் ஒரு பொய் பில்லும்

வரியைக் குறைப்பது பாவமா? போன ஏப்ரல் வரைக்கும் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர். அப்பா இறந்த பிறகு என் ஹாஸ்டல் செலவை மாதாமாதம் அவர்தான் கொடுக்கிறார். கிள்ளானில் அவருக்கு ஒரு வரிசை வீடு உண்டு. 1,500 ரிங்கிட் வாடகைக்கு ஒரு தமிழ்க் குடும்பம் அதில் இருக்கிறது. வருமான வரி பாரம் நிரப்பும் நேரத்தில், "எக்செல் நல்லா தெரிஞ்ச பிள்ளை நீதான், வாடா" என்று மாமா கூப்பிட்டார்.

நம்மில் பலர் நினைப்பதுபோல், ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டாலே சம்பளத்துக்கான வரி குறைந்துவிடாது. ஆஸ்திரேலியாவில் வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். இங்கே சாதாரணமாக வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு அந்த வழி இல்லை. வாடகைப் பணத்திலிருந்துதான் செலவுகளைக் கழிக்கலாம்: வங்கிக் கடனின் வட்டி (அசல் கிடையாது), மதிப்பீட்டு வரி, நில வரி, தீ காப்புறுதி, பழுதுபார்ப்பு. ரசீதுகளை 7 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மாமாவின் கணக்கைப் போட்டேன். வருட வாடகை 18,000. வட்டி 9,600, இரண்டு வரிகளும் 700, காப்புறுதி 300. மீதி 7,400. ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் 4 லட்சம் வரை உள்ள வருமானத்துக்கு 25 விழுக்காடு வரி. மாமா அந்தப் படியில் இருக்கிறார். ஆக, 1,850 ரிங்கிட் கட்ட வேண்டும்.

"கூரை ரிப்பேர்னு 6,000 போடு. காண்ட்ராக்டர் பில் கொடுத்துடுவான்" என்றார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்தக் கூரையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, பிள்ளைகளின் அறையில் ஒரு வாளி இருந்தது. மேலே சீலிங் கறுத்து உப்பியிருந்தது. "மழை பேஞ்சா மெத்தையைத் தூக்கி ஹால்ல போட்டுடுவோம் தம்பி" என்றார் அந்த அக்கா. "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. செஞ்சு கொடுத்துட்டு வாடகையை ஏத்திட்டா எங்களால முடியாது."

அவர் சொல்ல வேண்டாம் என்றதால் நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அதே கூரைக்கு, நடக்காத ரிப்பேருக்கு பில்.

இன்ஜினியரிங் மூளை கணக்குப் போட்டது. மாமா நிஜமாகவே 6,000 செலவு செய்தால், அவர் வரி 1,500 குறையும். அதாவது அந்தக் கூரையில் கால் பங்கை நாடே ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக்காரர் வீட்டை ஒழுங்காக வைத்திருக்கட்டும் என்று ஊர் கொடுக்கிற பங்கு அது. பொய் பில் போட்டால் ஊரின் 1,500 ரிங்கிட் மாமாவிடம் வந்துவிடும். வாளி மட்டும் அங்கேயே இருக்கும். இரண்டு பாரத்திலும் எண் ஒன்றுதான். ஒன்று சட்டம் தரும் உரிமை, இன்னொன்று திருட்டு.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு இந்த நாடு என்னடா செஞ்சிச்சு? அந்தக் காசை நான் கோயில் அன்னதானத்துக்குத்தான் கொடுக்கப்போறேன்" என்றார்.

அவர் ஆதங்கம் பொய்யில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவின் மகன் டாக்டரானது சும்மா நடந்ததல்ல. ஆனால் அந்த அக்காவின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் போகிற அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான் வாங்குகிறார்கள். மிச்சத்தை வரிதான் கட்டுகிறது. என் பல்கலைக்கழகப் படிப்பின் பெரும்பங்கையும் வரிதான் கட்டுகிறது. 'நம்ம ஆளு' என்றால் அந்த அக்காவும்தானே?

அன்னதானம் புண்ணியம்தான். தானம் செய்ய அந்தப் பொருள் முதலில் நம்முடையதாக இருக்க வேண்டும். வள்ளுவர் பொருளை வெறுத்தவர் இல்லை. 133 அதிகாரங்களில் 70 பொருட்பால். இருந்தாலும் அறத்துப்பாலைத்தான் முதலில் வைத்தார். அந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

"மாமா, கூரையை நிஜமாவே மாத்துங்க. வாடகையை ஏத்தாதீங்க. வேலை நடக்கும்போது நானே நின்னு பாத்துக்கிறேன். பில் உண்மையாயிடும்" என்றேன். "யோசிக்கிறேன்" என்றார். பாரத்தை அவரே நிரப்பி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை.

கூரை இன்னும் ஒழுகுகிறது. இந்த மாத ஹாஸ்டல் பணமும் மாமாவிடமிருந்து சரியான தேதிக்கு வந்துவிட்டது. அதில் அந்த வாடகையும் கலந்திருக்கிறது என்பது தெரிந்துதான் வாங்கினேன். ஆகவே, மேலே நின்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை.

நண்பர்களே, சில வருடங்களில் நாமும் டாக்டர், இன்ஜினியர், வழக்கறிஞர் என்று சம்பாதிப்போம். வாடகை வீடு வாங்குவோம். சட்டம் தரும் கழிவை ஒரு காசு விடாமல் கேட்போம். அதில் தவறே இல்லை. 'பழுதுபார்ப்பு' என்ற கட்டத்தில் எண்ணை எழுதும் முன், ஒருமுறை அந்த வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்ப்போம்.

அடுத்த வாரம் பரீட்சை முடிகிறது. மாமாவிடம் மறுபடியும் கேட்கப் போகிறேன்.