லட்சம் ரூபாய் கேட்ட குரல்

"ஏழை வீட்டில் பிறந்துவிட்டேன்."

சரி. அப்புறம்?

"அப்பா இல்லை. கைதூக்கிவிட ஆள் இல்லை. அழகு இல்லை, உயரம் இல்லை, இங்கிலீஷ் வரவில்லை."

இன்னும் என்ன பாக்கி? எல்லாவற்றையும் கொட்டிவிடு! ஒன்றைக்கூட நெஞ்சுக்குள் ஒளித்து வைக்காதே.

கொட்டியாயிற்றா? இப்போது நான் சொல்வதைக் கேள்.

1908-ல், காவிரிக் கரையில், கொடுமுடியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விவரம் தெரியும் முன்பே தகப்பன் துணை போயிற்று. தாய் பாலாம்பாள் ஒற்றை ஆளாய்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தார்.

அடுப்பில் பூனை தூங்கும் வீடு. அங்கே என்ன கனவு காண முடியும்?

அந்தச் சிறுமி கனவு காணவில்லை. பாடினாள்! ஓடும் ரயிலில், பயணிகள் போடும் சில்லறைக்காகப் பாடினாள்.

நீ எந்த வேலையைக் கேவலம் என்று ஒதுக்கினாய்? "என் படிப்புக்கு இதுவா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய்?

ரயில் பெட்டியில் பாடிய அந்தச் சிறுமிதான் பின்னாளில் தமிழ்நாடே எழுந்து நின்று வணங்கிய கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்! ஊரையும் தாயையும் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டே கடைசிவரை வாழ்ந்தார்.

ரயிலில் ஒலித்த குரல் நாடகக்காரர்களின் காதில் விழுந்தது. வேலு நாயரின் நாடகக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளைக்கு என்ன வேடம் கிடைக்கும்? ஆண் பிள்ளை வேடம்தான் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த மகன்.

பசியை எப்படி நடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீ எதை உன் குறை என்று மறைக்கிறாயோ, அதையே அவர் மேடைக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கால மேடை எப்படி இருந்தது, தெரியுமா?

மைக் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் போய் விழ வேண்டும். தொண்டைதான் ஒலிபெருக்கி!

விழாவிட்டால்? கூச்சல், விசில், அவமானம். திரைப்படம்போல இன்னொரு டேக் அங்கே கிடையாது.

அதோடு தீர்ந்ததா? நாடகத்தில் நடிக்கிற பெண் என்றால் ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். கைதட்டியவர்களே வீட்டுக்குப் போய்ப் பழித்தார்கள். அடுத்த இரவு முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததும் அவர்கள்தான்!

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நீ நடுங்குகிறாயே, அந்த நாலு பேர் அன்றும் இருந்தார்கள். அவர் பாட்டை நிறுத்தவில்லை.

அடுத்து பயத்தைப் பற்றிப் பேசுவோம்.

1926. கொழும்பு. சுந்தராம்பாளுக்கு வயது 18-கூட முழுதாகவில்லை. எதிரே மேடை ஏறப் போகிறவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. பாட்டில் அவருக்கு இணையாக யாரும் இல்லை என்று ரசிகர்கள் சத்தியம் செய்த காலம்.

"வேண்டாம் அம்மா! அவரோடு சேர்ந்து பாடினால் உன் பெயர் கெட்டுவிடும்." இப்படி எச்சரித்தார்கள். அக்கறையோடு சொன்னவர்கள்தான். உன்னைத் தடுப்பவர்களும் பெரும்பாலும் உன்மேல் அக்கறை உள்ளவர்கள்தானே?

அவர் போனார். பாடினார். வள்ளியாக அவரும் முருகனாகக் கிட்டப்பாவும் நின்ற மேடைகளுக்குக் கூட்டம் அலைமோதியது. கடல் கடந்து போன ஊரில் பிறந்த புகழ் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அன்று பயந்து கப்பலேறித் திரும்பியிருந்தால்? யோசித்துப் பார். உன் கொழும்பு எது? எந்த மேடை வாசலில் நின்று நீ திரும்பி வந்தாய்?

1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். வாழ்க்கை நாடகம் போல இனிக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தே போனார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

25 வயது! உனக்கு அந்த வயதில் என்ன துக்கம் இருந்தது? ஒரு தேர்வில் தோற்றதா? ஒரு வேலை போனதா?

வெள்ளைச் சேலை கட்டினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவை நீயும் நானும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அது அவர் எடுத்த முடிவு. அதை அவர் எப்படிக் காத்தார் என்பதை மட்டும் பார்.

வெள்ளைச் சேலை கட்டியவளை மூலையில் உட்கார வைத்த சமூகம் அது. நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது என்று விரட்டிய சமூகம். அதே வெள்ளைச் சேலையோடு அவர் மேடை ஏறினார்! ஆயிரம் பேர் முன்னால் நின்று பாடினார்!

இனிமேல்தான் பணத்தின் கதை.

ஜோடி சேர மாட்டேன் என்கிற நடிகையை யார் படத்தில் போடுவார்கள்? சந்தை முடிந்தது என்றுதானே நினைப்பாய்?

தேடி வந்தார் ஒருவர். தயாரிப்பாளர் அசன்தாஸ். "நந்தனாராக நடியுங்கள்" என்றார். ஆண் வேடம்! சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. மறுத்துப் பார்த்தார். வந்தவர் விடவில்லை. ஆளை அனுப்பிவிடும் எண்ணத்தில், யாரும் கொடுக்க முடியாத ஒரு தொகையைச் சொன்னார்.

ஒரு லட்சம் ரூபாய்!

ஒரு பவுன் தங்கம் 30 ரூபாய்க்குள் கிடைத்த நாட்கள் அவை. 3,000 பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம் அந்தப் பணத்தில்!

வந்தவர் சரி என்றுவிட்டார்.

1935-ல் 'பக்த நந்தனார்' வெளிவந்தது. ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய முதல் இந்தியக் கலைஞர் அவர்தான் என்று திரை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், தற்செயலாக அடித்த யோகம் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொகையைச் சொல்ல அவருக்கு வாய் எப்படி வந்தது? அதுதான் என் கேள்வி.

கிடைக்காவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டோம் என்ற உறுதி இருந்தது. விடிய விடியப் பாடி உரமேறிய தொண்டை இருந்தது. "மாட்டேன்" என்று சொல்லும் தைரியம் அந்தத் தொண்டையிலிருந்து வந்தது. "மாட்டேன்" என்று சொல்ல முடிந்ததால்தான் "லட்சம்" என்றும் சொல்ல முடிந்தது.

நீ என்ன செய்கிறாய்? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்கிறாய்!

ஏன்? உன் உழைப்பு உனக்கே தெரியாதா? தெரியாவிட்டால் முதலில் உழை. தெரிந்தால் வாயைத் திற!

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் படம் ஓடவில்லை.

ஆமாம், தோல்வி! ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம், பனைமரமும் எருமையும் மனிதர்களைவிட நன்றாக நடித்திருக்கின்றன என்கிற தொனியில் படத்தைக் கிழித்தது. நாடே பேசிய தொகை, நாடே பேசிய தோல்வி. உன் தோல்வியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? பக்கத்து வீட்டுக்காரராவது கவனித்தாரா?

அடுத்து 1940-ல் 'மணிமேகலை'. அதன் பிறகு 13 ஆண்டுகள் அவருக்குப் புதுப்படம் வரவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள்! கதை முடிந்தது என்று எழுதியிருப்பாய் நீ. அவர் கச்சேரி செய்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். தேசத் தலைவர்களின் பெயரை எழுதப் படிக்கத் தெரியாதவர் காதுக்கும் பாட்டாகக் கொண்டுசேர்த்தார். சேர்த்ததைக் கொடுக்கவும் தெரிந்தவர் அவர். கொடுமுடி வீட்டில் காந்திக்குத் தங்கத் தட்டில் உணவு வைத்தார் என்றும், காந்தி கேட்டதும் அந்தத் தட்டையே தேசத்துக்குத் தந்தார் என்றும் இன்றுவரை பேசுகிறார்கள்.

1953. எஸ்.எஸ். வாசன் ஜெமினியில் 'ஔவையார்' எடுத்தார். நடிகைகள் அம்மா வேடத்துக்குத் தள்ளப்படும் வயதில், 45-ஐ நெருங்கும்போது, அவர் படத்தின் நாயகி! நாயகன் இல்லை. ஜோடி இல்லை. காதல் காட்சி இல்லை. கிழவி வேடம், கையில் கோல், அந்தக் குரல். படம் ஓடு ஓடென்று ஓடியது.

யார் வளைந்தார்கள், சொல்! அவர் நிபந்தனைக்குப் பொருந்தும் வேடத்தைத் தேடிக்கொண்டு திரையுலகம்தான் அவரிடம் வந்தது.

1950-களில் சென்னை மாநில மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். கொடுமுடியில் தன் பெயரிலேயே திரையரங்கம் கட்டினார். எந்த ஊரில் அடுப்பு எரியாமல் கிடந்ததோ, அந்த ஊரில்! 1969-ல் அதைத் திறந்துவைத்தவர் முதலமைச்சர் கருணாநிதி.

பணம் சேர்ப்பது பாவம் என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே. வியர்வை சிந்திச் சேர்த்த காசு தலைநிமிர்ந்து நிற்கும்.

வயதாகிவிட்டது என்று சொல்ல வாயெடுக்கிறாயா? கொஞ்சம் பொறு.

1964-ல் 'பூம்புகார்', கவுந்தி அடிகள். முருகனே கதி என்று வாழ்ந்தவர், பகுத்தறிவு பேசிய கருணாநிதியின் வசனத்தில் ஒரு சமணத் துறவி! 1965-ல் 'திருவிளையாடல்'. பழத்துக்காகக் கோபித்துப் போன முருகனுக்கு எடுத்துச்சொல்லும் ஔவை. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் இன்றும் ரிமோட்டைக் கீழே வைக்கிறோமே!

1969-ல் 'துணைவன்' படப் பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. பள்ளிப் படிப்பால் வந்ததா? சிபாரிசு செய்ய மாமன் மச்சான் இருந்தார்களா? 60 வயதிலும் அந்தத் தொண்டை தயாராக இருந்தது. அவ்வளவுதான்!

உனக்கு என்ன வயது? 22-ஆ? 35-ஆ? 50-ஆ? எதுவானாலும் சாக்குக்குப் போதாது!

எழுந்திரு. சம்பளம் கேட்கத் தள்ளிப்போட்டாயே, அந்தப் பேச்சை இந்த வாரமே பேசு. பயந்து நிரப்பாமல் வைத்திருக்கும் விண்ணப்பத்தை இன்றிரவே நிரப்பு. கேட்கும்போது குரலைத் தாழ்த்தாதே. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கேள்!