உறைபனிக்குப் பின் எஞ்சிய கறியமுது



வட அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வாழும் ஸ்ரீவைஷ்ணவர்கள் பலருடைய திருமாளிகைகளில் கொல்லைப்புறத் தோட்டம் ஒன்று உண்டு. மே மாத நடுவில் நாற்று நட்டு, கோடை முழுவதும் கத்தரி, வெண்டை, அவரை, பாகல், பரங்கி என்று பறித்து, எம்பெருமானுக்குக் கறியமுதாக ஸமர்ப்பிப்பது வழக்கம். பென்சில்வேனியாவில் வாழும் அடியோங்களுக்கு இந்தப் பாக்கியம் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவில் தரையின் வெப்பம் வானத்திற்குச் சென்றுவிட, விடியும்போது புல்லின்மேல் வெண்பொடி தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து உயிரணுக்களைக் கிழித்துவிடுகிறது. வெயில் ஏறியதும் கத்தரிச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துப்போகும்.

அன்று காலை கூடையோடு சென்றால் கிடைப்பவை சிலவே. இலைக்கடியில் மறைந்திருந்து தப்பிய, தோல் சற்றே சுருங்கிய நான்கைந்து கத்தரிக்காய்கள். முற்றாமல் நின்றுபோன அவரைப் பிஞ்சுகள். கொடி கருகியும் தான் கெடாமல் கிடக்கும் ஒரு பரங்கிக்காய். கொத்தமல்லி மட்டும் ஒன்றும் நடவாததுபோல் பசுமையாக நிற்கும். வெண்டை போயே போய்விடும். பச்சைத் தக்காளிக்குக் குறைவிராது. தக்காளியைத் தளிகையில் சேர்க்காத திருமாளிகைகளிலிருந்து அது அண்டை வீட்டாருக்குப் போய்ச் சேரும். அவர்கள் அதை வில்லைகளாக நறுக்கி, மாவில் புரட்டி வறுத்து உண்கிறார்கள். அது விஷயாந்தரம்.

இப்படி எஞ்சியவற்றைப் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஆடியில் பறித்த முதல் காயை ஆசையோடு ஸமர்ப்பித்தோம். இப்போது மிச்சத்தைக் கொடுப்பது அபசாரமன்றோ? இதை நாம் வைத்துக்கொண்டு, கடையில் பளபளப்பான கத்தரிக்காய் வாங்கி அவனுக்கு ஸமர்ப்பித்தால் என்ன?

கேட்பதற்கு மிகவும் பணிவான பேச்சு. ஆனால் நம் ஸம்ப்ரதாயத்தில் இந்தப் பணிவுக்கு இடமில்லை. அவனுக்கு ஸமர்ப்பிக்காததை நாம் உண்பதில்லை. ஆகவே, 'அவனுக்கு ஆகாது, நமக்கு ஆகும்' என்னும் நடுவகுப்பே நம் தளிகையறையில் கிடையாது. ஒரு காய் அவனுக்கு ஆகுமென்றால் நமக்கும் ஆகும். ஆகாதென்றால் அது உரக்குழிக்குப் போகவேண்டியதுதான். அழுகியதும், நாற்றம் கொண்டதும், பனியில் உறைந்து உருகிக் கூழானதும் சந்தேகமின்றித் தள்ளத்தக்கவை. ஸ்வாமி வேதாந்த தேசிகன் 'ஆஹார நியமம்' என்று இதற்காகவே ஒரு தமிழ்ப் பிரபந்தம் அருளிச்செய்திருக்கிறார் என்றால், கொள்வது எது, தள்ளுவது எது என்னும் ஆராய்ச்சியைப் பெரியோர்கள் அற்பமாக எண்ணவில்லை என்பது விளங்கும். நம் கேள்வி கெட்ட காயைப் பற்றியதன்று. அழகு குறைந்த நல்ல காயைப் பற்றியது.

இதற்கு விடை திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் கிடைக்கிறது. எம்பெருமான் ஆராதனைக்கு எளியவன் என்பதே அப்பதிகத்தின் பொருள். அதன் முதற்பாசுரத்தில் ஆழ்வார் புகை என்றும் பூ என்றும் பொதுவாகவே சொன்னார். இன்ன புகை, இன்ன பூ என்று விசேஷித்துச் சொல்லவில்லை. இதைப் பற்றி நஞ்சீயர் வினவ, எதைப் புகைத்தாலும் எந்தப் பூவை இட்டாலும் அமையும் என்று பட்டர் அருளிச்செய்ததாக ஈட்டில் காண்கிறோம். கண்டகாலிப் பூவைச் சாஸ்திரம் விலக்கியிருக்கிறதே என்னும் கேள்விக்கு அவர் அருளிய ஸமாதானம்தான் ரஸமானது. அது அவனுக்கு ஆகாதென்று விலக்கவில்லை. பறிக்கும் அடியார்களின் கையில் முள் தைக்குமே என்று விலக்கியது.

தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்ப அநுஸந்திக்க வேண்டும். விலக்கின் காரணம் பூவில் இல்லை, கையில் இருக்கிறது. அப்படியானால் உறைபனிக் காலையில் நாம் முதலில் பார்க்கவேண்டியது காயின் தோலையன்று, பறிக்கப் போகிறவரை. கைங்கர்யம் விட்டுப்போகுமே என்று எண்பது வயதுப் பாட்டி வழுக்கும் படிகளில் இறங்கி, விறைத்த விரல்களால் காம்பைத் திருகுவதை அவன் உகப்பானோ? அந்தக் கத்தரிக்காயே அன்றைக்குக் கண்டகாலி. பேரனை அனுப்பலாம், வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம்.

ஆயினும் எளியவன் என்பதைக் கொண்டு நமக்குச் சலுகை தேடிக்கொள்ளலாகாது. மிச்சம் இருவகைப்படும், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. செப்டம்பரில் கூடை நிறையக் காய்த்தபோது, அழகானவற்றையெல்லாம் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டி, அலுவலக நண்பர்களுக்குப் பெருமையாகப் பகிர்ந்துவிட்டு, கோணலும் சொத்தையும் தளிகைக்கு வந்தால், அது நம் அஹங்காரம் உண்டு வைத்த மிச்சம். அக்டோபரில் கிடைத்த சுருங்கிய காயோ, அத்தோட்டத்தில் உள்ளது அவ்வளவே என்னும் நிலையில் வந்தது. இங்கே நாம் பொறுக்கி எடுத்து ஒதுக்கிவைத்த நல்லது எதுவும் இல்லை. பொறுக்கும் சுதந்திரத்தை ஓர் இரவுப் பனி பறித்துக்கொண்டது. 'என் தோட்டம்' என்ற சொல்லையும் கூடவே பறித்துக்கொண்டது. கடையில் வாங்குவது குற்றமன்று. குளிர்காலம் முழுவதும் அதுவே கதி. ஆனால் கையில் நல்ல காய் இருக்க, அதன் முகம் வாடியிருக்கிறது என்பதற்காகக் கடைக்கு ஓடுவது அவன் கண்ணைக் குறித்ததா, நம் கண்ணைக் குறித்ததா என்று யோசிக்கவேண்டும்.

ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த திவ்யதேசங்களுள் குளிரால் நடை சாத்தப்படுவதும் உண்டு. திருவதரியாச்ரமத்தில் நவம்பர் வாக்கில் நடை சாத்தினால் மீண்டும் திறப்பது ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான். சாத்தும் நாளன்று அருகிலுள்ள மாணா கிராமத்துப் பெண்கள் தங்கள் கையால் செய்த கம்பளிப் போர்வையில் நெய் தோய்த்து எம்பெருமானுக்குச் சாற்றுகிறார்கள். ஸர்வசக்தனுக்குக் குளிருமோ என்று அவர்களைக் கேட்பது, பெரியாழ்வாரைப் பார்த்து ஏன் பல்லாண்டு பாடினீர் என்று கேட்பதற்கு ஒப்பாகும். பறிப்பவர் கைக்காக அவன் அஞ்சுகிறான். அவன் திருமேனிக்காக இவர்கள் அஞ்சுகிறார்கள்.

உறைபனி தொட்ட கத்தரிக்காய் வைத்தால் தாங்காது. பறித்த அன்றே நறுக்கி, உள்ளே கறுத்த பகுதியை நீக்கி, மிகுந்ததைத் தளிகையில் சேர்த்துவிடுவது நலம். பனி பட்ட பரங்கியையும் மார்கழிக்கென்று எடுத்துவைக்கவேண்டாம். கொத்தமல்லிக்கு அவசரமில்லை, கடுங்குளிர் வரும்வரை இன்னும் சில நாட்கள் அது சாற்றமுதுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.