யாரு கொல்லையில விழுந்துச்சு?

என் மேஜையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் மிளகு அளவில் ஒரு சாம்பல்நிறத் துணுக்கு, செவ்வாயிலிருந்து வந்தது. கிராம் கணக்கில் தங்கத்தைவிட விலை அதிகம். போனஸ் வந்த மாதம் வாங்கினேன்.

அம்மாவிடம் காட்டி ஆர்வமாக விளக்கினேன். சுமார் 30 லட்சம் வருடங்களுக்கு முன் செவ்வாயில் ஏதோ மோதியதில் தெறித்த பாறை. 1962-ல் நைஜீரியாவின் ஜகாமியில் விழுந்தது. செவ்வாய்தான்னு எப்படித் தெரியும்? இத்தகைய கற்களுக்குள் அடைபட்ட வாயு, 1976-ல் வைக்கிங் கலங்கள் அங்கே அளந்த காற்றோடு ஒத்துப்போகிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரு கொல்லையில விழுந்துச்சு? அவருக்கு என்ன குடுத்தாங்க?" என்றாள்.

சோளக்கொல்லையில் நின்ற ஒரு விவசாயிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. சுமார் 18 கிலோ. கல் அருங்காட்சியகத்துக்குப் போனது. பிறகு பரிமாற்றத்தில் வெளிநாட்டு வியாபாரியிடம் வந்து, அறுபட்டு, என் போன்றவர்களிடம் சிதறியது. என் சான்றிதழில் எடை, விற்றவர் கையெழுத்து எல்லாம் இருக்கு. அந்த மனிதர் இல்லை.

சட்டப்படி நான் தப்பே செய்யவில்லை. பூமிக்கே சொந்தமில்லாத கல், இதில் யாருக்கு என்ன உரிமை என்றும் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்போ எனக்கு மட்டும் எப்படி வந்தது? காசு கொடுத்தேன், சரி. யாருக்கு? திருப்பிக் கொடுக்கலாமென்றால் 0.2 கிராமை எந்த முகவரிக்கு அனுப்புவது? (இதுவும் சௌகரியமான சாக்குதான்.)

இன்னொரு துணுக்கு கார்ட்டில் கிடக்கிறது. 2011-ல் மொராக்கோவில் திஸ்ஸிண்ட் பக்கம் விழுந்தது. நாடோடிகள் தேடிப் பொறுக்கினார்கள். அம்மாவின் கேள்வியை அப்படியே விற்பவருக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.