முதலில் மேசை, பிறகு கை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரைவீடானாலும், தீபாவளி இரவில் சொந்தபந்தம் கூடினால் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். சீட்டு விழுந்த நொடியே எடுத்து விரித்துப் பார்ப்பதுதான் நம் பழக்கம்.

ஆட்டவகை மாறி மாறி வரும் ஹார்ஸ் போக்கரில் இந்த அவசரம் நட்டத்தில் முடியும். அதிலுள்ள 5 ஆட்டங்களில் ஒன்று, ஏழு சீட்டு ஸ்டட். தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் விழும். ஒருவர் விலகியதும் அவருடைய திறந்த சீட்டும் கவிழ்ந்து போய்விடும். மறுபடி பார்க்க முடியாது. உங்கள் கவிழ்த்த சீட்டோ உங்கள் முன்னால்தான் கிடக்கும். ஒரு கட்டில் ராஜா நான்குதான். மேசையில் இரண்டு ராஜா வந்து போயிருந்தால், உங்கள் ராஜா ஜோடிக்கு மூன்றாவது வரவே வராது. அதைக் கவனிக்காதவர் வராத சீட்டுக்காகக் காசு கட்டிக்கொண்டே இருப்பார்.

ஹார்ஸில் வரும் ஹோல்டம், ஒமாஹா ஆட்டங்களில் தொடக்கத்தில் திறந்த சீட்டு கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது ஆட்களை. முறை வருமுன்பே பார்த்துவிட்டு, விலகத் தயாராகச் சீட்டை விரல்நுனியில் பிடித்திருப்பவர் தன் முடிவை ஊருக்கே சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீபாவளிக்குக் காசு வைக்காமல் ஆடுங்கள். சீட்டு விழுந்ததும் முதலில் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள்.