பரதர் வளர்த்த மான்குட்டி

தாயை இழந்த காட்டுக் குட்டியை எடுத்து வளர்ப்பது அறமா, பற்றா என்ற கேள்வியைப் பாகவத புராணத்தின் ஐந்தாம் கந்தம் ஜடபரதர் கதையில் எழுப்புகிறது. விஷ்ணு புராணத்திலும் இக்கதை உண்டு. நாட்டைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, கண்டகி ஆற்றங்கரையில் புலக முனிவரின் ஆசிரமத்தில் தவமிருந்த அரசர் பரதர். நீர் குடிக்க வந்த சினைமான் ஒன்று சிங்கத்தின் கர்ஜனை கேட்டு மிரண்டு தாவியபோது குட்டி வெள்ளத்தில் விழுந்தது, தாய் மாண்டது. குட்டியைப் பரதர் எடுத்து வந்தார்.

அதன்பின் நடப்பதைப் புராணம் அவசரமின்றிச் சொல்கிறது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. புல் ஊட்டுவதும் ஓநாயிடமிருந்து காப்பதும் தடவிக் கொடுப்பதுமாக வேலை கூடக்கூட, நித்திய நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. காட்டுக்குப் போனால் குட்டியைத் தோளில் சுமக்கிறார். பூசையின் நடுவே எழுந்து அது எங்கே என்று பார்க்கிறார். அடைக்கலம் புகுந்த உயிரைக் கைவிடலாகாது என்று தமக்குத் தாமே நியாயமும் சொல்லிக்கொள்கிறார். அந்த நியாயத்தில் பிழையில்லை. அதனால்தான் பற்று அதன் பின்னே மறைந்து வளர முடிகிறது. கடைசியில் மானையே நினைத்து உயிர்விட்டு மானாகப் பிறக்கிறார்.

துறவிக்கு இரக்கம் ஆகாது என்பதே இக்கதையின் படிப்பினை என்பாரும் உண்டு. கதையின் பிற்பகுதி அதற்கு இடம் தருவதில்லை. மான் பிறவி முடிந்து அந்தணர் மகனாகப் பிறந்த பரதரை, ரகூகணன் என்ற அரசனின் பல்லக்கைச் சுமக்கப் பிடித்துப் போகிறார்கள். அவர் தரையைப் பார்த்துப் பார்த்து அடிவைப்பதால் பல்லக்கு குலுங்குகிறது. சிற்றுயிர்கள் மிதிபடாமல் இருக்கவே அப்படி நடந்தார் என்பது உரைகாரர் விளக்கம். இரக்கம் குறையவில்லை, பரந்திருக்கிறது. 'என் மான்' என்ற உரிமைதான் போயிருக்கிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் வேறொரு வழி காட்டுகிறது. பாண்டியனின் வேட்டையில் பெற்றோரை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாகி முலை கொடுக்கிறார். காப்பவரே குட்டியின் இனத்துக்கு இறங்கி வருகிறார். (அடுத்த படலத்தில் அக்குட்டிகள் பாண்டியனுக்கு அமைச்சர்களாகிவிடுகின்றன என்பது தனிச் சுவை.)

வளர்ப்பவருக்கு நேரும் கேட்டைப் பரதர் கதை பேசுகிறது. வளர்க்கப்படும் குட்டிக்கு நேருவதை உயிரியல் விளக்குகிறது. வாத்துக் குஞ்சுகள் பிறந்தவுடன் கண்ணில் பட்டவரையே தாயாகக் கொண்டு பின்தொடர்வதை விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் ஆராய்ந்தார். மனிதர் கையில் வளர்ந்த மானுக்கும் மனித அச்சம் விட்டுப்போகிறது. நாயும் வேட்டைக்காரரும் உள்ள இடத்தில் அந்த அச்சமே அதற்குக் காவல். தவிர, தாய்மான் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயப் போவது இயல்பு. தனியே கிடக்கும் குட்டியெல்லாம் அநாதையல்ல. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்கு ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும்.