கால் மில்லிமீட்டர்

ஆயுத பூசைக்கு முதல்நாள் சாயங்காலம், கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டுச் சரிசெய்ய, தோட்ட லயத்து வாசலில் ஒரு பாயை விரித்து என் சாமான்களை எடுத்து வைப்பேன். அலன் கீ இரண்டு, நட்சத்திர ஸ்குரூ டிரைவர் ஒன்று, தட்டை ஒன்று, கம்பி வெட்டும் கட்டர், ஆறு அங்குல ஸ்டீல் ரூலர், ஃபீலர் கேஜ், கேப்போ, டியூனர், பழைய பனியன் துணி, 2பி பென்சில். தேயிலை ஸ்டோரில் பிட்டர் வேலை பார்ப்பவன் வீட்டில் இதில் பாதி எப்படியும் கிடக்கும். கேப்போவும் டியூனரும்தான் கிட்டாருக்கென்றே வாங்கியவை.

போன வருடம் பக்கத்து வீட்டு மாமாவும் தன் பால் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து அதே பாயில் வைத்தார். நாற்பது வருடம் இறப்பர் மலையில் பட்டை சீவிய கத்தி. வேலையை விட்டு வந்த பிறகும் தீட்டி எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நாளைக்குச் சாமிகிட்ட கிட்டார வைக்கப் போறியா, இந்தச் சாவியெல்லாம் வைக்கப் போறியா?"

"ரெண்டையும்தான் மாமா."

"வாத்தியம் சரஸ்வதியோடது, அது சரி. ஆனா அது ஒழுங்கா இருந்தா இந்தச் சாவிக்கு என்ன வேலை?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னை ஒரு வருடமாக விடவில்லை. கிட்டாரைப் பற்றித்தான் மாமா கேட்டார். எனக்கோ அது கோயிலில் நின்று கேட்கவேண்டிய கேள்வியாகவே பட்டது. ஆண்டவன் இந்த உலகத்தைச் சரியாகப் படைத்திருந்தால், நாம் ஏன் தினமும் எதையாவது முறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருக்கிறோம்?

கித்துல்கலயில் இந்தக் கேள்வி சீக்கிரம் வரும். இலங்கையில் மழை அதிகமாகப் பெய்யும் ஊர்களில் இதுவும் ஒன்று. களனி கங்கையிலிருந்து எழும் ஈரம் சுவரிலும் துணியிலும் ஏறும், மரத்துக்குள்ளும் இறங்கும். புதுக் கம்பி போட்டு ஒரு மாதத்தில் விரலில் துரு ஒட்டும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கம்வரை துணியை விட்டுத் துடைக்காவிட்டால் அதுவும் இல்லை, இரண்டே வாரம்.

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் செய்த மலிவுக் கிட்டார், இரண்டாம் கையாக வாங்கியது. அந்த வடிவத்தை 1954இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர் செய்தவர். அந்தக் கிட்டாரைக் கழற்றினால் அது தெரியும். கழுத்து ஒட்டப்படவில்லை, நான்கு திருகாணியில் நிற்கிறது. பிரிட்ஜில் ஆறு கம்பிக்கும் ஆறு தனிச் சேடில், ஒவ்வொன்றையும் ஏற்றலாம் இறக்கலாம், முன்னே பின்னே நகர்த்தலாம். எங்கள் ஊரில் பிரிட்ஜ் என்றால், 'க்வாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காகக் கட்டி 1957இல் வெடிவைத்துத் தகர்த்த பாலம்தான் எல்லாருக்கும் நினைவு வரும். என் பிரிட்ஜ் உள்ளங்கை அகலம்தான், ஆனால் இறுக்கம் முழுவதையும் தாங்கி நிற்கிறது. வழக்கமான பத்தாம் நம்பர் செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய நூறு இறாத்தல். நாற்பத்தைந்து கிலோ. அம்மா ஒரு நாளில் இருபது கிலோ கொழுந்து எடுப்பார் என்றால், அவருடைய இரண்டு நாள் நிறைக்கும் மேல்.

அந்த இழுப்பில் கழுத்து வளையும். வளையாமல் பிடிக்க மரத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் கம்பெனியில் இருந்த தாடியஸ் மக்ஹ்யூ என்பவருக்கு 1923இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அலன் கீயை வலப்பக்கம் திருப்பினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் கம்பிகளின் இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. திருப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுக்கவேண்டும், மரம் மெதுவாகத்தான் ஒத்துவரும்.

முதன்முதலில் இதைச் செய்தபோது கழுத்தை ரூலர்போல நேராக்கிவிடவேண்டும் என்று நினைத்தேன். மெஷின் ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். நேராக்கினேன். எல்லா ஃபிரெட் கட்டையிலும் கம்பி கறகறவென்று உரசியது. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும் என்பதும், அந்த ஆட்டத்துக்குக் கழுத்து சிறிது குழிந்து இடம் விடவேண்டும் என்பதும் பிறகுதான் புரிந்தது. முதல் கட்டையில் கேப்போவைப் போட்டு, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் கம்பியை அமுக்கிப் பிடித்து, ஏழாம் எட்டாம் கட்டைக்கு மேலே ஃபீலர் கேஜை நுழைக்கவேண்டும். கால் மில்லிமீட்டர் தகடு கம்பியைத் தூக்காமல், உரசியும் உரசாமலும் போய்வந்தால் அதுதான் அளவு.

ஸ்டோரில் இதே கேஜைத்தான் மெஷினுக்குப் பிடிக்கிறோம். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் இடம் விடாமல் இறுக்கினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு யாரும் தத்துவமாகச் சொல்லித்தரவில்லை, கை சுட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் சுருதியிலும் அதே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் காதில் விழாது. ஆம்ப்ளிஃபயரும் போடமுடியாது, இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவோம். அப்போது கிட்டாரின் கொம்பைத் தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொள்வேன். ஒலி பல்லுக்குள் வரும். ஐந்தாம் கட்டையில் அமுக்கிய கம்பியையும் அதற்கு அடுத்த திறந்த கம்பியையும் சேர்த்துத் தட்டினால், சுருதி விலகியிருக்கும்போது ஒலி ஒரு ஊஞ்சல்போல ஆடும். வவ், வவ், வவ். சாவியைத் திருகத் திருக ஊஞ்சல் மெதுவாகும். பிறகு மூச்சு விடும் வேகம். பிறகு நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்டதுபோல் இருக்கும், ஆனால் ஒன்றாகவில்லை. கண்ணுக்கு முன்னால் இரண்டாகவே இருக்கின்றன, ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அத்துவிதம் என்ற சொல்லுக்கு ஒன்று என்று பொருள் கொள்ளவில்லை, இரண்டு அன்று என்றே கொண்டார். தாளும் தலையும் சேர்ந்து தாடலை ஆவதைச் சைவ சித்தாந்தத்தில் உதாரணமாகக் காட்டுவார்கள்: சொல் ஒன்று, ஆனால் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. கோயில் வகுப்பில் இதைக் கேட்டபோது வாயால் ஒப்புவித்தேன். தாடையில்தான் விளங்கியது.

இங்கேயே நின்றிருந்தால் நிம்மதி. ஈ கார்டைக் காதுக்கு இனிமையாக வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு மூன்றாம் கம்பியை ஒரு மயிரிழை இறக்கினேன். அந்தக் கார்டில் அந்தக் கம்பியின் முதல் கட்டையில்தான் அதன் மூன்றாம் சுரம் இருக்கிறது. ஊஞ்சல் அடங்கியது, கார்டு தேன்போல இருந்தது. அதே கையோடு சி கார்டைப் பிடித்தேன், பல் கூசியது. சி கார்டில் அதே கம்பி திறந்து ஒலிக்கிறது. அதைச் சரிசெய்தால் ஈ கெட்டது. மூன்று ராத்திரி. நான்தான் பிழை, அல்லது கிட்டார் பிழை, அல்லது காது பிழை என்று நினைத்தேன்.

பிழை யாரிலும் இல்லை, கணக்கு அப்படி. ச-விலிருந்து ப-வுக்குச் சுத்தமான ஐந்தாம் சுரமாக ஏறு. பன்னிரண்டு முறை ஏறினால் புறப்பட்ட ச-வுக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து சேரவேண்டும். சேர்வதில்லை. மூன்றைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 5,31,441. இரண்டைப் பத்தொன்பது முறை பெருக்கினால் 5,24,288. இரண்டும் சமமாக இருந்தால்தான் வட்டம் மூடும். ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை, எந்தக் காலத்திலும் சமமாகாது. ஓர் அரைச்சுரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக ஒரு துளி மிஞ்சுகிறது. கிட்டாரின் கட்டைகள் அந்தத் துளியைப் பன்னிரண்டு இடத்துக்கும் சமமாகப் பங்கு பிரித்துப் பதித்தவை. அதனால் ஸ்தாயியைத் தவிர ஒரு சுரமும் முழுச் சுத்தமில்லை. மூன்றாம் சுரம் அரைச்சுரத்தின் நூற்றில் பதினான்கு பங்கு ஏறியே நிற்கும்.

இது மனிதன் செய்த கருவியின் குறை என்றால் ஒதுக்கிவிடலாம். இரண்டும் மூன்றும் மனிதன் செய்ததல்ல.

நம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்துவிட்டுத் துறவியானவர். பழந்தமிழர் யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுத் தேடி எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டில் அவர் மறைந்தார். துறவி எதற்குக் கம்பிகளின் பின்னக் கணக்கில் வருடக்கணக்காக உட்கார்ந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. யாழில் ஒரு கம்பிக்கு ஒரு சுரம். அந்தப் பண்ணுக்கு வேண்டியபடி அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். என் கிட்டாரில் ஒரே கம்பி 22 கட்டைக்கும் பதில் சொல்லவேண்டும். ஒருவருக்கு மட்டும் பதில் சொல்பவன் சுத்தமாக இருக்கலாம். அம்மாவுக்கு மகன், பிள்ளைக்கு அப்பா, ஸ்டோரில் பிட்டர், சங்கக் கூட்டத்தில் இன்னொருவன் என்று இருப்பவன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளி விட்டுக்கொடுத்துத்தான் நிற்கமுடியும். இதை நான் சமாளிப்பு என்று நினைத்து வெட்கப்பட்டதுண்டு. இப்போது வெட்கமில்லை.

ஆற்றுக்கு அந்தப்பக்க விகாரையில் இருக்கும் ஹாமதுருவிடம் ஒருநாள் இதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் சோணரின் கதையைச் சொன்னார். வீட்டில் வீணை வாசித்துப் பழகிய செல்வர் பிள்ளை, துறவியாகிப் பாதம் கிழிந்து இரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தவர். கம்பி அதிகம் இறுகினாலும் தளர்ந்தாலும் வீணை வாசிக்க வருமா என்று புத்தர் அவரிடம் கேட்டார். இதை எல்லாரும் நடுவாக இரு என்ற புத்தியாகவே சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. "நடு எது, ஹாமதுருவே? என் ஆறு கம்பிக்கும் ஆறு இறுக்கம். தடித்த கம்பிக்குச் சரியான இறுக்கத்தை மெல்லியதுக்கு வைத்தால் சுருதி விலகிவிடும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, பாளியில் அங்கே இருக்கும் சொல் சமதா என்றார். நடு அல்ல, சமநிலை. மற்றதோடு ஒத்து நிற்பது. புத்தர் வீணை வாசித்தவனிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. சமதா எங்கே இருக்கிறது என்று கையால் தேடித் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சொல் உதவும்.

இந்த வருடமும் மாமா வந்து உட்கார்ந்தார். ஃபீலர் கேஜில் கால் மில்லிமீட்டர் தகட்டை மட்டும் பிரித்து அவர் கையில் கொடுத்து, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் விடச் சொன்னேன். விரல் காய்ப்பு ஏறியிருந்தாலும் கை நடுங்கவில்லை. தகடு உரசியும் உரசாமலும் போய்வந்தது.

"இந்த எடத்த விடலைன்னா வாத்தியம் பேசாது மாமா. மழைக்கு மழை இது மாறும். அதுக்குத்தான் சாவி."

அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் கத்தியை எடுத்து நுனியைக் காட்டினார். "பால் வெட்டுறப்போ பட்டையில நூலளவு விட்டுத்தான் சீவணும். கட்டையில பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த எடத்துல பட்டை முண்டு முண்டா வரும். ரொம்ப விட்டா பால் வராது. எங்களுக்குச் சாவியும் இல்ல, கேஜும் இல்ல. கையிலதான்."

மறுநாள் கிட்டாரையும் சாமான்களையும் கத்தியையும் படத்துக்கு முன்னால் வைத்தோம். ஃபீலர் கேஜுக்குச் சந்தனத்தை உறையில்தான் வைத்தேன், தகட்டில் வைத்தால் துருப்பிடிக்கும். அன்று எதையும் தொடவில்லை. விஜயதசமி காலையில் எடுத்துப் பார்த்தபோது புதுக் கம்பிகள் ஆறும் இழுபட்டு இறங்கியிருந்தன. மழை தொடங்கியிருந்தது. கொம்பைத் தாடையில் வைத்துக்கொண்டு தடித்த கம்பியிலிருந்து ஆரம்பித்தேன்.